அபிதகுஜாம்பாளுக்கு நாற்பது போதவில்லை

அஸ்தினாபுரத்தில் ஹேமாவதியின் அப்பா அரிகிருஷ்ணனுக்கு ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நிலம் இருந்தது. அது மனை மனையாகப் போனபின், மிச்சமிருந்த இடத்தில் ஒரு மாடி வீடு கட்டினார். கீழே குடும்பம், மேலே வாடகைக்கு. 2001-ல் அந்த மாடிக்கு ஸ்ரீநிவாசன் என்பவர் குடிவந்தார். குடும்பத்தோடு வருவார் என்று எதிர்பார்த்திருந்தார்கள். வந்ததோ நான்கு மேசை, இரண்டு கம்ப்யூட்டர், மூட்டை மூட்டையாக ஒயர்.

"ரேடியோ ரிப்பேர் கடையா சார்?" என்று அரிகிருஷ்ணன் கவலையோடு கேட்டார்.

"ரிப்பேர் இல்லீங்க. ரேடியோப் பெட்டி செய்யுறது. புது மாதிரி" என்றார் ஸ்ரீநிவாசன்.

ஹேமாவதிக்கு அப்போது இருபத்தாறு வயது. எலக்ட்ரானிக்ஸ் படித்து முடித்த கையோடு கல்யாணம் ஆகிவிட்டது. கணவன் தயாளனுக்கு ராஜகீழ்ப்பாக்கத்தில் ஹார்டுவேர் கடை. கடைக்கு அருகில் என்பதால் அப்பா வீட்டின் பின்பக்கத்திலேயே தனிக்குடித்தனம். மடியில் இரண்டு வயதுக் குழந்தை. கூடப் படித்தவர்கள் காலையில் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு நாவலூர் பக்கம் கம்பெனி பஸ் ஏறினார்கள். அவர்களைப் பார்க்கும்போது அவளுக்குப் பொறாமை என்று ஒன்றும் இல்லை. ஆனால் பஸ் திரும்பும்வரை பார்த்துக்கொண்டுதான் நிற்பாள்.

ஒருநாள் மாடியில் ஃப்யூஸ் போய்விட்டது. அப்பா ஊரில் இல்லாததால் அவளே கம்பி எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுக் கொடுத்தாள். திரும்பும்போது உயிர்பெற்ற கம்ப்யூட்டர் திரையில் கண் நின்றது. இடதுபக்கம் முழுக்க இரண்டிரண்டு இலக்கமாக எண்கள். வலதுபக்கம் ஓரத்தில், புள்ளிகளுக்கு நடுவே, TAMBARAM என்று ஒரு சொல்.

"இது என்ன சார்?"

"மெமரிமா. பெட்டிக்குள்ள என்னென்ன இருக்கோ அதை அப்படியே காட்டுது."

அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். "வலதுபக்கம் ஏ எங்கெல்லாம் வருதோ, இடதுபக்கம் அங்கெல்லாம் நாப்பத்தொண்ணு வருது. அப்ப ஏ-ங்கறதே உள்ள நாப்பத்தொண்ணுதானா?"

ஸ்ரீநிவாசன் திரும்பி அவளைப் பார்த்தார். அடுத்த திங்கட்கிழமை நான்கு மேசைகளில் ஒன்று அவளுடையதானது. குழந்தையை அம்மா பார்த்துக்கொண்டாள். அலுவலகம் பதினெட்டுப் படி தூரத்தில் இருந்தது.

அந்த வேலை அவளுக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம், அதில் மூடுமந்திரம் எதுவும் இல்லாததுதான். இயந்திரத்தின் நினைவகம் என்பது வரிசையாக எண் போட்ட அறைகள். ஒவ்வோர் அறைக்கும் பைட் என்று பெயர். ஓர் அறைக்குள் ஓர் எண் மட்டும் இருக்கும். எழுத்து என்பதும் அங்கே எண்தான். ஒரு பெயரை வைக்க வேண்டுமென்றால் அதன் எண்களை அடுத்தடுத்த அறைகளில் வைத்துவிட்டு, முடிந்தது என்று காட்டக் கடைசியில் ஒரு பூஜ்யம் வைக்க வேண்டும். படிக்கிற நிரலுக்குப் பெயரின் நீளம் தெரியாது. பூஜ்யம் வரும்வரை படிக்கும், வந்ததும் நிற்கும். எழுதுகிற நிரலும் அப்படித்தான்: நாம் ஒதுக்கிய இடம் தீர்ந்துவிட்டதா என்று அதுவாக நின்று பார்க்காது. அடுத்த அறையில் வேறு யாருடைய பொருள் இருந்தாலும் அதன்மேலேயே எழுதிக்கொண்டு போகும். பார்த்துக்கொள்ள வேண்டியது நிரல் எழுதுகிறவளின் பொறுப்பு. ஹேமாவதி ஏழு வருஷம் அதைப் பார்த்துக்கொண்டாள்.

சுனாமிக்குப் பிறகு ஓர் அறக்கட்டளை ஸ்ரீநிவாசனைத் தேடி வந்தது. கோவளத்து மீனவர்களின் ஃபைபர் போட்டுகளில் வைக்க ஆபத்துப் பெட்டி வேண்டும் என்றார்கள். கடலில் ஏதாவது ஆனால் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டியது. போட்டின் பெயரும், அது நிற்கும் இடமும் கரைக்கு ரேடியோவில் வந்து சேரும். கரையில் மீனவர் சங்கக் கட்டடத்தின் ஓர் அறையில் பலகை போன்ற ஒரு திரை. அதில் மேல் வரியில் பெயர், அடுத்த வரியில் வடக்கு தெற்கு கணக்கு, அதற்கடுத்த வரியில் கிழக்கு மேற்கு கணக்கு. நாற்பது போட்டுகளுக்குப் பெட்டி போனது. அதற்குள் ஓடிய நிரலின் பெரும்பகுதி ஹேமாவதி எழுதியது.

கரையறையைப் பார்த்துக்கொள்ளச் சங்கம் நியமித்த பெண் புஷ்பலதா. பத்தாவது வரை படித்தவள். காலையில் ஏலத்தில் மீன் எடுத்துக் கேளம்பாக்கத்தில் விற்றுவிட்டு, பத்து மணிக்குக் கூடையைக் கழுவி வைத்து, அறையைத் திறப்பாள். பலகையில் நடப்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைப்பாள். மற்ற இடங்களில் 'மெஷின் வேலை செய்யலை' என்று ஒற்றை வரியில் புகார் வரும். புஷ்பலதாவோ 'மூணாவது வரியில் புள்ளிக்கு அப்புறம் ஒரு நம்பர் ஆடுது, மழை பெய்யும்போது மட்டும்' என்று எழுதுவாள். அந்த நோட்டின் நகல் வாரம் ஒருமுறை அஸ்தினாபுரத்து மாடிக்கு வந்துவிடும். ஆறேழு கோளாறுகளை அவள் எழுதியதை வைத்தே ஹேமாவதி சரிசெய்திருந்தாள். நேரில் பார்த்தது மூன்று தடவைதான். போனில் மேடம் என்று ஆரம்பித்தவள், இரண்டாவது வருஷத்தில் அக்கா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள்.

2008-ல் திரையை மாற்ற வேண்டி வந்தது. பழைய முறையில் ஒரு தமிழ் எழுத்துக்கு ஒன்றோ இரண்டோ பைட் போதும். புதிய திரை யூனிகோடு கேட்டது. அதில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். 'ள்' என்பது நமக்கு ஓர் எழுத்து. அங்கே அது 'ள' ஒன்று, மேலே புள்ளி ஒன்று என இரண்டு குறி. ஆக ஆறு பைட். பெட்டிக்குள் இடம் குறைவு. பெயருக்கு எவ்வளவு ஒதுக்குவது என்று ஹேமாவதி நாற்பது போட்டுகளின் பெயர்களையும் வரிசையாக எழுதி எண்ணினாள். எல்லாவற்றிலும் நீளமானது 'முத்தாலம்மாள்'. பதிமூன்று குறி, முப்பத்தொன்பது பைட். முடிவுப் பூஜ்யத்துக்கு ஒன்று. நாற்பது. அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது. அவளுக்கு அதில் ஒரு திருப்திகூட இருந்தது. இனிமேலும் போட்டுகள் வரும், அவற்றுக்கும் பெயர் வைப்பார்கள் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

நவம்பரில் புதுப் போட் ஒன்று வந்தது. பெயர் 'அபிதகுஜாம்பாள்'. அது போட்டுக்காரரின் அம்மா பெயர். திருவண்ணாமலை அம்மனை வேண்டிப் பிறந்தவளாம். ஹேமாவதியின் அலுவலகத்தில் வெளிவேலை பார்க்கும் வேதசிரோமணி போய்ப் பெட்டியில் பெயரை ஏற்றி, கரையறைக்குள்ளேயே வைத்துப் பொத்தானை அழுத்திப் பார்த்தார். பெயர் அழகாக வந்தது. கீழ்வரியில் இரண்டு வெற்றுக் கட்டம் தெரிந்தது. கூரைக்கு அடியில் செயற்கைக்கோள் கிடைக்காது, அதனால் இடம் எப்படியும் காலியாகத்தான் இருக்கும் என்று அவர் விட்டுவிட்டார்.

புஷ்பலதா விடவில்லை. நோட்டில் எழுதினாள்: 'புது போட்டுக்கு ரெண்டு கட்டம் வருது. மத்த போட்டுக்குக் கூரைக்கு அடியில கோடுதான் வரும், கட்டம் வராது.' நகல் வந்தபோது ஹேமாவதி படித்தாள். சிங்கப்பெருமாள் கோவில் தொழிற்சாலை ஒன்றுக்கு அந்த வாரம் வேறு வேலை முடிக்க வேண்டியிருந்தது. ஓரத்தில் 'அடுத்த வாரம் பார்க்க' என்று பென்சிலால் எழுதி வைத்தாள்.

அந்த அடுத்த வாரத்தின் செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே முக்கால் மணிக்கு அலுவலகத்துப் போன் அடித்தது.

"அக்கா, கோவளத்துலேர்ந்து புஷ்பா. போர்டுல செவப்பு வந்துகீது."

"எந்த போட்?"

"அபிதகுஜாம்பாள். பேரு சுத்தமா கீது. அதுக்குக் கீழ அதே ரெண்டு கட்டம். அதுக்கும் கீழ சைபர் எட்டு சைபர் ரெண்டு ஒண்ணு, புள்ளி, ஒண்ணு அஞ்சு சைபர். ரெண்டு தபா வந்துச்சு, அப்பால நின்னுபோச்சு. போன் போட்டா ஸ்விட்ச் ஆஃப்னு வருது."

மூன்றாவது வரி கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்று சொல்கிறது. இரண்டாவது வரி இல்லாமல் வடக்கா தெற்கா என்று சொல்ல முடியாது. அந்தக் கோட்டில் எங்கே போய்த் தேடுவது?

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு நிரலைத் திறந்தாள். பொத்தானை அழுத்தியதும் பெட்டி முதலில் இடத்தைப் பதிகிறது, பிறகு பெயரைப் பதிகிறது, அப்படியே கரைக்கு அனுப்புகிறது. பெயருக்கு நாற்பது அறை, அதையொட்டி அடுத்த அறையிலிருந்து இடம். கையில் கிடைத்த காகிதத்தில் அ, பி, த, கு, ஜா, ம், பா, ள் என்று எழுதினாள். எட்டே எழுத்து. குறிகளை எண்ணினாள். பதினான்கு. மூன்றால் பெருக்கினால் நாற்பத்திரண்டு. பூஜ்யத்தோடு நாற்பத்து மூன்று.

மூன்று அறை எல்லை தாண்டி, பக்கத்தில் இருந்த இடக்கணக்கின் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. 'ள்'-இன் புள்ளியில் பாதியும், ஒரு பூஜ்யமும். திரை அந்தப் பாதியைப் படிக்கத் தெரியாமல் இரண்டு கட்டம் போடுகிறது, பூஜ்யத்தைப் பார்த்து நின்றுவிடுகிறது. முதல் மூன்று இலக்கம் அழிந்துபோனது போனதுதான். ஆனால் மிச்சம்? பூஜ்யம் படிப்பதைத்தான் நிறுத்தும். அதற்குப் பின்னால் இருப்பதை அழிக்காது.

"புஷ்பா, பலகைல பச்சை பட்டனையும் மஞ்சள் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடி."

"அன்னிக்கு வேதசிரோமணி சார் செஞ்சாரே, ஒரே நம்பரா வருமே, அதுவா?"

"அதேதான். கடைசியா வந்த செய்தி மட்டும்தான் அதுல இருக்கும்."

கடற்காற்று போனில் இரைந்தது. பின்னால் ஆட்கள் பேசும் சத்தம்.

"வந்துச்சுக்கா. நாலு வரி கீது."

"மூணாவது வரி. அதுல பாதிக்கு அப்புறம், ஏ எஃப்-னு ஆரம்பிக்கும். அங்கேர்ந்து ஒவ்வொண்ணா படி. அவசரமே வேணாம்."

"ஏ எஃப். எட்டு டி. சைபர் சைபர்." புஷ்பலதாவின் குரல் ரேஷன் கடையில் பெயர் வாசிப்பதுபோல் நிதானமாக இருந்தது. "மூணு நாலு. ரெண்டு ஈ. மூணு மூணு. மூணு ஒண்ணு. மூணு சைபர். வரி முடிஞ்சிபோச்சு. இன்னொரு தபா படிக்கட்டா?"

"படி."

அவள் மறுபடியும் படித்தாள். ஓர் எண்கூட மாறவில்லை. அதை எழுதிக்கொண்டே ஹேமாவதி, "அந்த போட்ல யாரு புஷ்பா?" என்று கேட்டாள்.

"எங்க வூட்டுக்காரரு. அவரு தம்பி. இன்னொரு பையன்" என்றாள் புஷ்பலதா. "நீ சொல்லுக்கா, அடுத்து இன்னா படிக்கணும்?"

ஹேமாவதியின் பேனா ஒரு நொடி நின்றது. போட்டுக்காரர் பெயர் மதியழகன் என்று தாளில் பார்த்திருக்கிறாள். அவர் புஷ்பலதாவின் கணவர் என்று அவளுக்குத் தெரியாது. அபிதகுஜாம்பாள் என்றால் புஷ்பலதாவின் மாமியார். அந்தக் குரலில் தடுமாற்றம் இருந்திருந்தால் இவளும் தடுமாறியிருப்பாள். இல்லை. அதனால் இவளும் எழுதினாள்.

முதல் மூன்றும் பெயரின் வால்; ஏ முதல் எஃப் வரையும் இங்கே இலக்கம்தான். மூன்று நாலு என்றால் நான்கு. இரண்டு ஈ என்றால் புள்ளி. பிறகு மூன்று, ஒன்று, பூஜ்யம். நான்கு புள்ளி மூன்று ஒன்று பூஜ்யம். இதற்கு முன்னால் இருந்த மூன்று இலக்கத்தில் முதல் இரண்டு டிகிரி, அதாவது பன்னிரண்டு. இந்தக் கரை முழுவதுக்கும் அது பன்னிரண்டுதான். காணாமல்போனது ஒரே ஓர் இலக்கம். அது ஐந்தா, நான்கா, மூன்றா? ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே பத்து கடல் மைல்.

"புஷ்பா, அங்க கடல் தெரிஞ்சவங்க யாராவது பக்கத்துல இருக்காங்களா?"

"துளசிங்கம் மாமா கீறாரு. அம்பது வருசமா கடலுக்குப் போறவரு. குடுக்கறேன்."

துளசிங்கத்தின் குரல் கரகரப்பாக வந்தது. "சொல்லும்மா."

"அண்ணா, மூணு இடம் சொல்றேன். ஆறரை மைல் உள்ள. ஒண்ணு ஈஞ்சம்பாக்கத்துக்கு நேரே. ஒண்ணு வடநெம்மேலிக்கு நேரே. இன்னொண்ணு கல்பாக்கம் கிட்ட. இந்த மூணுல ஒண்ணுலதான் போட் இருக்கு. எதுன்னு மெஷினுக்குத் தெரியலை. எனக்கும் தெரியலை."

அவர் யோசிக்கவே இல்லை. "ரெண்டு நாளா நீவாடு தெக்க இழுக்குது, நீரோட்டம்மா. இன்ஜின் நின்னா போட் வடக்கால போவாது. ஈஞ்சம்பாக்கம் இல்லை. கல்பாக்கத்துல இவனுக்கு வலை கெடையாது, நாலு மணிக்குப் போனவன அம்மாந்தூரம் நீரும் இழுத்துகினு போவாது. வடநெம்மேலிதான். நம்பரைச் சொல்லு, சின்னதம்பிகிட்ட ஜி.பி.எஸ். கீது."

ஹேமாவதி சொன்னாள். பன்னிரண்டு டிகிரி, நாற்பத்து நான்கு புள்ளி மூன்று ஒன்று பூஜ்யம் நிமிடம். எண்பது டிகிரி, இருபத்தொன்று புள்ளி ஒன்று ஐந்து பூஜ்யம் நிமிடம். சின்னதம்பியின் போட்டும் இன்னொரு போட்டும் கரையிலிருந்து தள்ளப்படும் கூச்சல் போனிலேயே கேட்டது.

ஸ்ரீநிவாசன் இதற்குள் அவள் பின்னால் வந்து நின்றிருந்தார். கடலோரக் காவலுக்கும் அதே எண்களைச் சொல்லச் சொல்லி வேதசிரோமணியை அனுப்பினார். ஹேமாவதி திரையைக் காட்டினாள்.

"சார், இது நான் செஞ்சது. நாப்பது போதும்னு நான்தான் போட்டேன். போன வாரமே புஷ்பா எழுதியிருந்தா. நான் பார்க்கலை."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நிரலைப் படித்தார். நேரம் எடுத்துப் படித்தார். "இதோட பிரிண்ட்ல கடைசியில பார்த்ததுன்னு என் கையெழுத்து இருக்கு ஹேமா. நானும்தான் பார்த்தேன். எனக்கும்தான் படலை" என்றார். பிறகு, "நீ சாப்பிடலை. போன்கிட்ட நான் உட்காந்திருக்கேன், போயிட்டு வா" என்றார். அவள் போகவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டு மணி பத்து நிமிடத்துக்குப் போன் வந்தது. புஷ்பலதா ஒரே ஒரு சொல்தான் சொன்னாள்.

"கெடச்சிட்டாங்க."

அத்தனை நேரம் எண் எண்ணாகப் படித்தவள் இப்போது அழுதாள். ஹேமாவதியும் மேசையில் தலையை வைத்து அழுதாள். போன் இரண்டு பக்கமும் வைக்கப்படாமல் கிடந்தது.

எந்த மரத்துண்டோ மோதி போட்டின் அடி பிளந்திருக்கிறது. தண்ணீர் ஏறி இன்ஜின் நின்று, பெட்டியும் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு நனைந்து அடங்கியிருக்கிறது. காலி டீசல் கேன்களையும் வலையின் மிதவைகளையும் சேர்த்துக் கட்டி, முக்கால்வாசி மூழ்கிய போட்டின் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று பேரும் மிதந்திருக்கிறார்கள். ஹேமாவதி சொன்ன இடத்தில் போட் இல்லை. துளசிங்கம் கிளம்பும்போதே சொல்லி அனுப்பியிருந்தார்: அந்த இடத்துக்குப் போய் நிற்காதே, அங்கேயிருந்து தெற்கே நீவாட்டோடு போ. முக்கால் மைல் தெற்கில் சின்னதம்பி அவர்களைக் கண்டான்.

மறுநாள் காலை ஸ்ரீநிவாசனின் பழைய மாருதியில் ஹேமாவதி கோவளம் போனாள். தயாளனும் கடையை அடைத்துவிட்டுக் கூட வந்தான். வழியெல்லாம் அவள் பேசவில்லை. நாவலூரில் கண்ணாடிக் கட்டடங்களுக்கு முன்னால் போக்குவரத்து நின்றபோது தயாளன், "சிக்னல் சரியில்லைன்னு சொன்னா யாரு கேக்கப் போறாங்க?" என்று மெதுவாகக் கேட்டான். அவள்மேல் இருந்த பாசத்தில் கேட்டதுதான்.

"புஷ்பா கேக்க மாட்டா. அதனாலதான் சொல்லணும்" என்றாள்.

கரையறையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். மதியழகன் தோளில் துண்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உப்பில் உதடு வெடித்திருந்தது. ஹேமாவதி உட்காராமலே சொன்னாள். பெயருக்கு இவ்வளவுதான் இடம் என்று தான் ஒதுக்கியதையும், அவர் அம்மா பெயர் அதில் அடங்காமல் பக்கத்தில் இருந்த கணக்கைத் தின்றுவிட்டதையும், புஷ்பலதா முன்கூட்டியே எழுதியும் தான் பார்க்காமல் விட்டதையும் மறைக்காமல் சொன்னாள்.

மதியழகன் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "எங்கம்மா பேரு எல்லாத்துக்கும் பேஜாருதான்மா. ரேஷன் கார்டுலகூட பாதிதான் எழுதிகீறாங்க" என்றார். யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "தண்ணில கெடக்கசொல்ல ஒண்ணுதான் நெனைச்சேன். பொத்தானை அமுக்கியாச்சு, கரைல ஒருத்தி பாத்துகினு கீறான்னு. அது தெரிஞ்சதாலதான் கைய விடல. அந்தப் பொட்டிய நீதான செஞ்ச?"

புஷ்பலதா வந்து ஹேமாவதியின் கையைப் பிடித்து இழுத்துப் பெஞ்சில் உட்கார வைத்தாள்.

"நீ ஒளிச்சு வெச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கப் போவுதா? வந்து சொன்ன பாரு. உக்காருக்கா. டீ வருது."

அந்த டீயின் ருசியை ஹேமாவதி பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள். தன் தப்புக்கு ஒருவரும் கோபப்படவில்லை என்ற நிம்மதியைவிட, தான் அறியாத எத்தனை பேர் கைகளில் தன் வேலை பத்திரமாக இருந்திருக்கிறது என்ற எண்ணமே அவளை அதிகம் அசைத்தது. அழிந்த இலக்கத்தை நிரப்பியது துளசிங்கத்தின் ஐம்பது வருஷக் கடல். எட்டு எண்களைப் பிசகாமல் இரண்டு தடவை சொன்னது புஷ்பலதாவின் நாக்கு. இவள் செய்தது நடுவில் உட்கார்ந்து கூட்டியது மட்டும். வீட்டுக்குத் திரும்பியதும் பூஜையறையில் விளக்கேற்றி நின்றாள். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் ஒவ்வொருவர் பெயராகச் சொன்னாள்.

நிரலைத் திருத்த ஒரு நாள்கூட ஆகவில்லை. எழுதுமுன் நீளத்தை அளக்கும்படி செய்தாள். பெயருக்கு நூற்றிருபத்தெட்டு அறை ஒதுக்கினாள். அதற்கும் மேலே வந்தால் குறிக்கு நடுவே வெட்டாமல், முழுக் குறியோடு நிறுத்திக் கடைசியில் பூஜ்யம் வைக்கும்படி செய்தாள். பெயருக்கும் இடத்துக்கும் நடுவே தொடர்பே இல்லாதபடி இரண்டையும் தனித்தனியாகப் பிரித்தாள். எல்லாப் பெட்டிகளிலும் அதை ஏற்றும்வரை ஒரு போட்டும் பழைய நிரலோடு கடலுக்குப் போகவில்லை. துளசிங்கம் அதைப் பார்த்துக்கொண்டார்.

பிறகு அவள் ஸ்ரீநிவாசனிடம் போய் ஒரு கோரிக்கை வைத்தாள். "சோதிச்சுப் பார்க்க நமக்கு ஆள் வேணும் சார். நான் எழுதினதை நானே பார்த்தா எனக்கு நல்லாத்தான் தெரியும்."

"யாரைப் போடலாம்?"

"புஷ்பலதாவை."

அவர் பத்தாவது வகுப்பா என்று கேட்கவில்லை. நோட்டுகளின் நகல் மூன்று வருஷமாக அவரும் படித்துக்கொண்டிருப்பவர். 2009 பொங்கல் கழிந்ததும் புஷ்பலதா வாரத்தில் மூன்று நாள் அஸ்தினாபுரம் வர ஆரம்பித்தாள். அந்த நாட்களில் கரையறைக்குச் சங்கம் வேறோர் ஆளை வைத்தது. மீன் வியாபாரத்தை விடவில்லை. காலை ஏலத்தை முடித்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, பதினொரு மணிக்கு மாடி ஏறுவாள். அரிகிருஷ்ணனுக்கு முதலில் கொஞ்சம் திகைப்பு. பிறகு அவரே வாசலில் நின்று, "வஞ்சிரம் எப்ப நல்லா வரும்மா?" என்று விசாரிக்கத் தொடங்கினார்.

புஷ்பலதா தன் முதல் வேலையாக, முட்டுக்காட்டிலிருந்து தெற்கே சொந்தக்காரர்கள் இருக்கும் குப்பங்களுக்கெல்லாம் போன் போட்டு, போட்டுகளின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள். நூற்றுப் பதினெட்டுப் பெயர். அவற்றில் எது நீளம் என்று இருவரும் உட்கார்ந்து எண்ணினார்கள். குலதெய்வம், அப்பா, மகள் எல்லாம் சேர்த்து ஒரே போட்டுக்கு நான்கு பெயர் வைத்திருந்தவர் ஜெயித்தார். அத்தனை பெயரையும் புஷ்பலதா ஒவ்வொன்றாகப் பெட்டியில் ஏற்றி அழுத்தினாள். எல்லாம் மாடியில் இருந்த சோதனைப் பலகையில் சுத்தமாக வந்தன. ஹேமாவதி மூச்சு விட்டாள்.

"நீளம் முடிஞ்சுது" என்றாள் புஷ்பலதா. கையைக் கட்டிக்கொண்டு பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பேரே வெக்கலன்னா?"

"பேர் இல்லாம எப்படி?"

"புது போட்டுக்குப் பேரு வெக்க நாள் பாக்கறாங்கல்ல. அதுக்கு முன்னாடியே கடலுக்குப் போயிடுவான். பொட்டி இருக்கும், பேரு இருக்காது."

ஒன்றும் எழுதாமல் ஏற்றினாள். ஒரு குறிகூட இல்லை, வெறும் முடிவுப் பூஜ்யம் மட்டும். பொத்தானை அழுத்தினாள். பலகை ஒரு தடவை மின்னி, அப்படியே உறைந்து நின்றது. எந்தப் பட்டனுக்கும் அசையவில்லை.

புஷ்பலதா நோட்டை எடுத்துத் தேதி போட்டு எழுத ஆரம்பித்தாள். ஹேமாவதிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. கரையில் தெரியவந்திருக்கக்கூடிய கோளாறை இவள் இங்கேயே, பகல் வெளிச்சத்தில், யாரும் தண்ணீரில் இல்லாதபோது கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டாள். நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை செஞ்சு காட்டு புஷ்பா" என்றாள். "முதல்லேர்ந்து."